ரூட் கனால் ஸ்கேனில் கறுப்புக் கோடு தெரிந்தால் கசிவுதானா?

அந்தக் கோட்டை மட்டும் வைத்துக் கசிவு (நிரப்பலின் ஓரமாக எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்குவது) என்று முடிவு கட்ட முடியாது. வெள்ளவத்தையில் எடுத்த சிபிசிடியில் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன்) நிரப்பலை ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு, ஆனால் வலியில்லை என்கிறீர்கள். அநேகமாக அது ஸ்கேன் போட்ட நிழல். வேருக்குள் நிரப்பும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவும் அதோடு பூசும் சீலர் பசையும் எக்ஸ்ரே கதிரை நன்றாக மறிப்பதால், ஓரத்தில் இல்லாத இடைவெளி இருப்பதுபோல் கறுப்பு விழும். வேருக்குள் பொருத்தும் உலோகத் தண்டு (போஸ்ட்) இருந்தால் இன்னும் மோசம்.

அதே பல்லுக்குச் சாதாரணச் சின்ன எக்ஸ்ரே இரண்டு எடுக்கச் சொல்லுங்கள்: ஒன்று நேராக, மற்றது பக்கவாட்டில் சற்றுச் சரித்து. இரண்டிலும் கறுப்பு தெரிந்தால் உண்மையான வெற்றிடமாக இருக்கலாம். நிரப்பல் வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படம் இருக்கிறதா? வேர் நுனியைச் சுற்றி எலும்பு அரித்ததால் விழுந்த கறுப்பு நிழல் அதைவிடச் சுருங்கியிருக்கிறதா என்பதுதான் என்னைக் கேட்டால் பெரிய கேள்வி. முழுதாக ஆற ஒரு வருடம், சிலவேளை நான்கு வருடம்கூட ஆகும்.

அப்புறம், நிரப்பல் இறுக்கமாக அடைத்திருக்கிறதா என்று எந்தப் படமும் நேரடியாகச் சொல்லாது. ஆய்வுகூடத்து மைக்ரோ-சிடி ஸ்கேன் நுண்ணிய இடைவெளிகளையும் காட்டும்தான், ஆனால் அதற்குப் பல்லைப் பிடுங்கிக் கொடுக்கவேண்டும்! மேல் அடைப்போ கிரவுணோ (பல்லின் மேல் போடும் உறை) விரிசல் விட்டிருந்தால், கீழே எவ்வளவு அழகாக நிரப்பியிருந்தாலும் எச்சில் இறங்கும். அதையும் பாருங்கள்.

ஈறில் கொப்புளம், சீழ், கடிக்கும்போது வலி என்று ஏதும் வந்தால் படங்களோடு கொழும்பு வார்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காத்திருக்க வேண்டாம்.