எட்டடிப் பாதை

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், 1887இல் நடக்கும் ஒரு துப்பறியும் நாவலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கடனில் மூழ்கிய ஒரு பிரபுவின் பங்களா, ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி. முதல் அத்தியாயத்தில் நான்கு பக்கத்துக்கு மூடுபனி, ஊளையிடும் காற்று, எரிவாயு விளக்கு, குதிரைக் குளம்பொலி எல்லாம் எழுதிப் பார்த்தேன். படித்த நண்பர்கள் “வர்ணனை நல்லா இருக்கு, பயம்தான் வரல” என்கிறார்கள். சூழலுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கலாம்? இங்கிலாந்தைப் பார்க்காதவன் இதை எழுதலாமா? தன்மையில் சொல்வதா, படர்க்கையிலா?

கே.

அன்புள்ள கே.,

பார்க்காமல் எழுதலாம். இன்று விமானம் ஏறிப் போனாலும் 1887 அங்கே காத்திருக்காது. தன்மையா படர்க்கையா என்பது பத்துப் பக்கம் எழுதினால் கைக்கே தெரிந்துவிடும். எத்தனை பக்கம் என்பதைவிட, அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் நண்பர்கள் சொன்ன ‘வர்ணனை’ என்ற சொல்தான் என்னைப் பதில் எழுத வைத்தது. சில நாட்களாகக் கானன் டாயிலின் பாஸ்கர்வில் நாவலை, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதையை, புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் வர்ணனைக்குக் குறைவில்லை. ஆனால் பயம் வருவது அங்கிருந்து அல்ல.

இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், இறந்துபோன பாஸ்கர்வில் மாளிகைக்காரர் அருகே ராட்சத நாயின் காலடித் தடங்களைக் கண்டதாக அவருடைய மருத்துவர் மார்ட்டிமர் சொல்கிறார். நாமாக இருந்தால் அடுத்த பக்கத்தில் இடியையும் மின்னலையும் இறக்கியிருப்போம். டாயில், கதை சொல்லும் வாட்சனை ஒரு வரி நடுங்கவிடுகிறார், அவ்வளவுதான். பிறகு ஹோம்ஸ் நில அளவைக்காரர் மாதிரி கேட்க ஆரம்பிக்கிறார். அவர் இறந்து கிடந்த நடைபாதை எப்படி இருக்கும்? இருபுறமும் யூ மர வேலி, பன்னிரண்டடி உயரம், உள்ளே நுழைய முடியாத அடர்த்தி. பாதையின் அகலம்? எட்டடி. வேலிக்கும் பாதைக்கும் நடுவே? இரு பக்கமும் ஆறடிப் புல். வேறு வழி உண்டா? பொட்டல் வெளியைப் பார்த்த ஒரு சிறு கதவு. கடைக்கோடியில் ஒரு கோடை மண்டபம், அதன் வழியாகவும் வெளியேறலாம். கதவு பூட்டியிருந்ததா? பூட்டியிருந்தது. உயரம்? நாலடி. அப்படியானால் யாரும் தாண்டலாம். உடல் கிடந்தது மண்டபத்திலிருந்து எவ்வளவு தூரத்தில்? ஐம்பது கஜம்.

இதைப் பலர் விசாரணை என்று நினைத்து வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். ஆறும் எட்டும் ஆறும் இருபதடி. இருபதடி அகலத்தில், இரண்டு ஆள் உயரப் பச்சைச் சுவர்களுக்கு நடுவே, இதயம் பலவீனமான ஒருவர் இரவில் தனியாக நிற்கிறார். போக மூன்றே வழிகள்: வீடு, மண்டபம், அந்தக் கதவு. கதவு வழியாகத்தான் ‘அது’ வருகிறது. மிச்சம் இரண்டு. அவர் நுனிக்காலில் நடந்ததாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போது, அவர் நடக்கவில்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார் என்கிறார் ஹோம்ஸ். அதுவும் வீட்டை நோக்கி அல்ல, வீட்டுக்கு எதிர்த்திசையில். புத்தி பேதலித்தவன்தான் அப்படி ஓடுவான்.

முதுகு சில்லிடுவது இந்த இடத்தில். ஏன்? எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் முட்டுச்சந்து மாதிரியான இருட்டு என்று நமக்கு முன்பே தெரியும். அதே மனிதர் திறந்த வெளியில் ஓடியிருந்தால் ‘எதிர்த்திசை’ என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. மண்டபத்துக்கு மிச்சமிருந்த ஐம்பது கஜத்தை நடந்தே கடந்தாலும் அரை நிமிடம்தான் ஆகும். அந்த அரை நிமிடம் கிடைக்காமல் ஓர் ஆயுள் முடிகிறது. அளவு இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியுமா? உங்கள் நான்கு பக்கத்தில் ஓர் எண்கூட இல்லை. தாழ்வாரம் ‘நீண்டு’ கிடக்கிறது, படிக்கட்டு ‘முடிவற்று’ இறங்குகிறது. எங்கே ஓட முடியாது என்று தெரியாத வாசகன் எதற்குப் பயப்படுவான்?

இன்னொன்று, இதைத் திட்டாமல் விட மனம் வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் மூடுபனியும் ஊளைக்காற்றும் ஒரே இரவில் வருகின்றன. காற்று அப்படி வீசினால் மூடுபனி கலைந்துவிடும் ஐயா! சதுப்பு நிலத்து மூடுபனி உருவாக மேகமில்லாத, காற்றில்லாத இரவு வேண்டும். தரை குளிர்ந்து, அதையொட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, தாழ்வான இடத்தில் வெண்மையாகப் படியும். மேலே நிலா பளிச்சென்று இருக்கும். லண்டன் மூடுபனி வேறு சாதி: நிலக்கரிப் புகை கலந்தது, மஞ்சள் நிறம், தொண்டையை அறுக்கும். ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைக்காதீர்கள்.

கதை நடக்கும் டார்ட்மூர் சதுப்புவெளியின் மூடுபனியை டாயில் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். ஹோம்ஸும் வாட்சனும் போலீஸ்காரர் லெஸ்ட்ரேடும் வில்லனின் வீட்டிலிருந்து இருநூறு கஜம் தள்ளிப் பாறை மறைவில் காத்திருக்கிறார்கள். இறந்தவரின் வாரிசு சர் ஹென்றி உள்ளே விருந்தில். மணி பத்து. சதுப்பின் மேலிருந்து மூடுபனி மெல்ல நகர்ந்து வருகிறது. கால் மணி நேரத்தில் பாதையை மூடிவிடும். அது நெருங்க நெருங்க இவர்கள் பின்வாங்குகிறார்கள், அரை மைல் வரை. அதற்கு மேல் போனால், சர் ஹென்றி இவர்களிடம் வந்து சேருமுன் நாய் அவரைப் பிடித்துவிடும். அங்கேயே நின்றால் எதுவும் தெரியாமல் போகும். இது மூடுபனி வேஷத்தில் வந்த கடிகாரம். கடைசியில் அதன் விளிம்பு ஐம்பது கஜத்துக்கு வரும்போதுதான் உள்ளிருந்து நாய் பாய்கிறது.

விளக்குக்கு வருவோம். எரிவாயு குழாயில் வருவது. குழாய் ஊருக்குள் இருக்கும் ஆலையிலிருந்து வருவது. சொந்தமாகச் சிற்றாலை வைத்துக்கொண்ட பெரும் பணக்காரர்கள் சிலர் உண்டு. உங்கள் கடன்கார பிரபு அந்த ரகம் இல்லையே! அவர் வீட்டில் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும்தான். அது உங்களுக்கு நல்லதும்கூட. கையில் ஏந்திப் போகும் வெளிச்சம் ஆளோடு நகரும், அணையும், ஜன்னலில் தெரிந்து காட்டிக்கொடுக்கும். பாஸ்கர்வில் மாளிகையில் வேலைக்காரர் பாரிமோர் நள்ளிரவில் ஜன்னலருகே பிடிக்கும் ஒற்றை மெழுகுவர்த்தி செய்தியாவது, வெளியே வேறு வெளிச்சமே இல்லாததால்தான். சர் ஹென்றி அங்கே வந்த முதல் மாலையிலேயே, ஆறு மாதத்துக்குள் வாசலில் மின்விளக்கு போட்டுவிடுகிறேன் என்கிறார். அந்த ஆறு மாதம் கழிந்திருந்தால் நாவலில் பாதி காணாமல் போயிருக்கும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மூன்றாம் பக்கத்தில், வேலைக்காரி படியிறங்கும்போது ஏழாவது படியை மட்டும் தாண்டிக் கால் வைக்கிறாள், அது கிறீச்சிடும் என்பதால். அந்த ஒரு வரி போதும், உங்களுக்கு இது வரும் என்று சொல்ல. நான் எண் எதுவும் இல்லை என்று சொன்னது தவறு. இந்த ஏழு இருக்கிறது. ஆனால் நாலாம் பக்கத்தில் கொலையாளி அதே படிக்கட்டில் ஏறும்போது அந்தப் படியை நீங்களே மறந்துவிட்டீர்களே!

அடுத்த முறை அத்தியாயம் வேண்டாம். ஒரு தாளில் பங்களாவின் வரைபடத்தைப் போட்டு அனுப்புங்கள். எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள், சமையலறையிலிருந்து பிரபுவின் படுக்கையறைக்கு எத்தனை படி, இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்று குறித்து.