சங்கத்துக்கு முன்னால் நெட்டைக் கட்டுங்கள்

கேள்வி: மூக்கையூர் பக்கம் எங்கள் ஊர். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன். நண்பர்கள் பதினோரு பேர் வாலிபால் ஆடிவந்தோம். ஊர் மைதானத்தைக் கிரிக்கெட் டோர்னமென்ட் பிடித்துக்கொண்டதால் இப்போது கடற்கரை மணலில் பீச் வாலிபால் ஆடுகிறோம், பிடித்துப்போய்விட்டது. இதை ஊரில் வளர்க்க ஆசை. மதுரையிலிருந்து ஒருவர் வந்து, 60,000 ரூபாய் கொடுத்தால் 'மாவட்ட பீச் வாலிபால் சங்கம்' என்று அங்கீகாரம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஐபிஎல் மாதிரி எட்டு அணிகளை ஏலம் விட்டு லீக் நடத்தலாம், நேபாளத்தில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு ஆளுக்கு 22,000 கட்டினால் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்கிறார். முன்பணம் 5,000 கொடுத்துவிட்டோம். பிளஸ் ஒன் படிக்கும் என் தங்கையும் ஆட வேண்டும் என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மீதி 55,000-ஐக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

காரணம் இதுதான். பீச் வாலிபாலுக்கு உலக அளவில் தனிச் சம்மேளனம் கிடையாது. ஆறு பேர் ஆடும் வாலிபாலையும் இரண்டு பேர் ஆடும் பீச் வாலிபாலையும் ஒரே சர்வதேச அமைப்புதான் நடத்துகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு கூட்டமைப்பு, அதற்குக் கீழே மாநிலச் சங்கம், அதற்குக் கீழே மாவட்டச் சங்கம். மணலில் ஆடினாலும் தரையில் ஆடினாலும் அதே வரிசைதான். 'பீச்' என்ற சொல்லைச் சேர்த்துத் தனிச் சங்கம், தனி அங்கீகாரம் என்று ஒருவர் விற்கிறார் என்றால், அவர் விற்பது லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும்தான். சந்தேகம் இருந்தால் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் அந்தச் சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செலவு பஸ் கட்டணம்தான்.

நேபாளப் பயணத்தைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். என்னிடம் படித்த ஒரு பையன், அப்பா வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர், இப்படி ஒரு 'சர்வதேச' போட்டிக்குப் போய்வந்தான். அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். அங்கே வந்த அணிகளில் பாதி நம் ஊர் பக்கத்துப் பையன்கள்தான். கழுத்தில் மெடல், முதுகில் 'இந்தியா' என்று எழுதிய பனியன், கையில் பளபளப்பான சான்றிதழ். நாலு வருஷம் கழித்து வேலைக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழ் சரிபார்ப்பில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பையன் நல்ல ஆட்டக்காரன். அதே பணத்தில் இரண்டு வருஷம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்திருக்கலாம். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்புக்கு மட்டும்தான் உண்டு. காசு கட்டி 'இந்தியா' பனியன் போட முடியாது. தனியார் போட்டிச் சான்றிதழ் எதுவும் அரசு வேலைக்கு உதவாது என்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் தரகர்கள் வளர்ந்ததற்கு மேலே இருப்பவர்களும் காரணம். 1986-ல் சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய நாடு இது, அதற்குப் பிறகு வாலிபாலில் ஆசியப் போட்டிப் பதக்கமே இல்லை. உட்பூசல் முற்றி, 2016 டிசம்பரில் சர்வதேச சம்மேளனம் இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்கிற அளவுக்குப் போனது. நாற்காலிக்காகப் பெரியவர்கள் கோர்ட்டு வாசலில் நின்றால், மூக்கையூர் பையன் எது உண்மையான சங்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? பள்ளிக்கூடங்களிலோ, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்தது லீக். ஐபிஎல் 2008-ல் வந்தது, டிஎன்பிஎல் 2016-ல். கிரிக்கெட்டைத் தெருத்தெருவாகப் பையன்கள் ஆடி, அப்பாக்கள் ரேடியோவில் கேட்டு, அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஏலம் வந்தது. வாலிபாலுக்கே இப்போதைய பிரைம் லீக் 2022-ல்தான் வந்தது, அதுவும் ஆறு பேர் ஆட்டம். உங்களிடம் இருப்பது பதினோரு பேர். எட்டு அணிக்கு இரண்டு இரண்டு பேர் என்றாலே பதினாறு பேர் வேண்டும். மீதியை வெளியூரிலிருந்து கூலிக்குப் பிடித்து வந்து, ஏலம் எடுத்தவர்கள் தெருவுக்குத் தெரு மல்லுக்கு நின்று, மூன்றாம் நாள் நடுவரை அடித்து முடியும். கடற்கரை ஊர்களில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு ஆள் சேர்க்கும் முன்னால் ஆடுவதற்கு ஆள் சேர்க்க வேண்டும். அந்த ஆட்கள் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

பள்ளிகளுக்கான பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் பீச் வாலிபால் இருக்கிறது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். முதலமைச்சர் கோப்பைக்கும் இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் எந்தத் தரகரும் தேவையில்லை. இரண்டே பேர் இருந்தால் ஒரு அணி. கிரிக்கெட்டுக்குப் பதினோரு பேரும் கிட் பேக்கும் தேடித் திணறுகிற சின்னப் பள்ளிக்கூடம்கூட இதில் அணி அனுப்ப முடியும். பக்கத்து உயர்நிலைப் பள்ளி பி.டி. மாஸ்டரைப் பாருங்கள். 'சார், கோர்ட் நாங்கள் போட்டுத் தருகிறோம், சாயந்திரம் பிள்ளைகளை அனுப்புங்கள்' என்று சொல்லுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பத்து பிள்ளைகள் வந்தால் போதும். மூன்று வருஷத்தில் 17 வயதுப் பிரிவில் உங்கள் ஊர் ஆடும்.

கோர்ட் போடுவது உங்களுக்குக் கைவந்த வேலை. 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம். நடுக்கோடு கிடையாது. நெட் 8.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், கண் 10 சென்டிமீட்டர். வலை பின்னுகிற ஊரில் இதைக் கடையில் வாங்க வேண்டுமா? கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் அகல நாடா. மூலைகளில் மண் நிரப்பிய சாக்கைப் புதைத்து, கயிற்றால் நாடாவை அதில் கட்டுங்கள், காற்றுக்கு அசையாது. கம்பத்துக்கும் அதே வழிதான். சிமென்ட் போட்டு நிறுத்தாதீர்கள், கடற்கரையில் நிரந்தரக் கட்டுமானம் என்றால் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். மணல் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்காவது கல், சிப்பி இல்லாமல் இருக்க வேண்டும். கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், தூண்டில் முள்ளும் வலைத்துண்டும் மணலுக்குள் கிடக்கும், வெறுங்காலில் ஆடுகிற ஆட்டம் இது. இரவில் ஃபோகஸ் லைட் போடாதீர்கள். ஜனவரி தொடங்கி ஆமை முட்டையிட வரும் காலத்தில் அந்த வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்குப் போகவிடாமல் திசை மாற்றிவிடும்.

பந்து தனி. சாதாரண வாலிபாலில் அடிக்கும் காற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பீச் பந்துக்கு. கல் மாதிரி காற்றடித்து ஆடினால் பிள்ளைகளின் கை சிவந்துபோய் மறுநாள் வரமாட்டார்கள். நெட் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கும் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 2.24, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2.12, 12 வயதுக்குள் என்றால் 2 மீட்டர். எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கட்டி வைப்பதுதான் ஊர்களில் நடக்கும் பெரிய தப்பு.

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் பந்தைத் தூக்கினால் பனங்காட்டில்தான் போய் எடுக்க வேண்டும், அதனால் அப்போது காலையில் ஆடுங்கள். ஆனால் பிள்ளைகள் கொஞ்சம் தேறியதும் அந்தக் காற்றிலேயே ஆட விடுங்கள். முதல் இரண்டு செட்டிலும் ஒவ்வொரு 7 புள்ளிக்கும், மூன்றாவது செட்டில் 5 புள்ளிக்கும் பக்கம் மாறுகிற விதி இருப்பதே காற்றும் வெயிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது என்பதற்குத்தான். எதிர்காற்றில் சர்வீஸைத் தாழ்த்தி அடிப்பது, பின்காற்றில் பந்து கோட்டைத் தாண்டாமல் பார்ப்பது, இதையெல்லாம் உள்ளரங்கத்தில் பழகிய பிள்ளை தடுமாறித்தான் கற்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று பேர் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு அது சீக்கிரம் பிடிபடும். இந்தக் கரைக்கு என்று ஒரு விளையாட்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் பழைய ஆட்டக்காரர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். விரித்த விரலால் பந்தைத் தட்டி நெட்டுக்கு அந்தப்பக்கம் போடுவது இங்கே தப்பு. நெட்டுக்கு மேல் கையை நீட்டித் தடுக்கும் பிளாக்கில் பந்து பட்டாலும் ஒரு டச் கணக்கு, மூன்றில் அப்புறம் இரண்டுதான் மிச்சம்.

சரி, சங்கம் பதிவு செய்யவே வேண்டாமா? இப்போதைக்கு வேண்டாம். ஒரே ஒரு நிலைமையில் மட்டும் வேண்டும். வெளியிலிருந்து பணம் வரப்போகிறது என்றால், அதாவது வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் நன்கொடை அனுப்புகிறார்கள், கம்பெனி ஏதாவது உதவுகிறது, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தேவைப்படுகிறது என்றால் பதிவு செய்யுங்கள். அதைக்கூட நீங்களே செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்க விதிகளையும் உறுப்பினர் பட்டியலையும் கொடுக்க வேண்டும். அந்த ஏழு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக, ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம். பிள்ளைகளின் அம்மாக்களில் இரண்டு பேராவது இருக்கட்டும். அதிகம் பணம் கொடுத்தவரைத் தலைவராக்காதீர்கள். செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், அதை விட்டுவிட்டுப் பிறகு தவிக்கிறவர்கள் ஏராளம். முக்கியமாக, பதிவு செய்துகொடுக்கிறேன் என்று வருகிறவர் 'செயலாளராக என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்' என்பார். போடாதீர்கள். நாளைக்குச் சங்கம் அவருடையது, நீங்கள் அவருக்குச் சந்தா கட்டுகிறவர்கள். அப்புறம் இன்னொன்று, பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு எண் இருக்கிறது என்பதால் மட்டும் உங்கள் சான்றிதழுக்கு மதிப்பு வந்துவிடாது.

உங்கள் தங்கையைப் பற்றி. பிளஸ் ஒன் என்றால் 19 வயதுப் பிரிவில் இப்போதே ஆடலாம், இன்னொரு பெண் கிடைத்தால் அணி தயார். ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். காலை ஆறிலிருந்து ஏழரை வரை கோர்ட் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள், அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் கரையில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. வீட்டில் உடையைப் பற்றிக் கேட்பார்கள், டிவியில் பார்த்திருப்பார்கள். 2012-லேயே விதியை மாற்றிவிட்டார்கள், கை வைத்த சட்டையும் கால்சட்டையும் போட்டு ஆடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்துப் பெண்கள் முழுக்கை, முழுக்கால் மூடிய உடையில் ஆடினார்கள், அதில் ஒருவர் ஹிஜாபும் அணிந்திருந்தார். கீழக்கரையிலும் பெரியபட்டணத்திலும் பெற்றோரிடம் இந்தப் படத்தைக் காட்டித்தான் நான் பேசுவேன். படத்தைப் பார்த்ததும் பாதி வீடுகளில் மறுப்பு குறைந்துவிடும்.

கொடுத்த 5,000-க்கு ரசீது கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், போனில் பேசாதீர்கள். சங்கத்தின் பதிவு எண், மாநிலச் சங்கம் தந்த இணைப்புக் கடிதத்தின் நகல் இரண்டையும் கேளுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் அந்தச் செய்திகளைப் படம் பிடித்து, எழுத்தில் ஒரு புகாரோடு காவல் நிலையத்தில் கொடுத்து, மனு ஏற்புச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 'மீதியைக் கொடுத்தால் முதலில் கொடுத்ததையும் சேர்த்துத் திருப்பித் தருகிறேன்' என்று அவர் சொல்லக்கூடும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்த 55,000-ல் பந்து, நாடா, கம்பம், பிள்ளைகளுக்கு ராமநாதபுரம் போய்வரும் பஸ் செலவு எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.