பணம் அனுப்பும் முன், வீடியோ அனுப்பும் முன்

மத உரிமைச் செய்திகளை எழுதும் நிருபர்களுக்குத் தோள் கொடுக்க நினைக்கும் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குள் சிலர் புகுந்து தகராறு செய்தார்கள். போனில் வீடியோ எடுத்தேன். நிருபர் ஒருவர் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: சாதாரண வீடியோவாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலும் உதிர்ந்துபோகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் உங்கள் வீடு இருக்கும் இடமும் கூடவே போய்விடும். அதனால் மூலப் பிரதியைப் பென் டிரைவில் நேரில் கொடுங்கள். வெளியிடுவதற்கு, குழந்தைகள் முகத்தையும் வீட்டு எண்ணையும் மறைத்த வேறொரு பிரதி போதும்.

போனில் உள்ள மூலத்தைத் தொடவே தொடாதீர்கள். வழக்கு என்று வந்தால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, எழுத வேண்டும். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும்.

உண்மையில் வீடியோவைவிட நிருபருக்குப் பயன்படுவது காகிதம்தான். புகார் கொடுத்தபோது ஸ்டேஷனில் தந்தது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா? சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து 'வழக்குப் பதிவு' என்று எழுதினால் மறுநாளே மறுப்பு வரும். அந்த வீட்டுக்குக் கட்டட அனுமதி பற்றி ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். பல தகராறுகள் அங்கேதான் முடிச்சு விழுந்து கிடக்கின்றன.

கேள்வி: என் தங்கை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள். தர்கா, தேவாலயப் பிரச்சினைகளை எழுதும் ஒரு நிருபருக்கு மாதாமாதம் பணம் அனுப்ப ஆசைப்படுகிறாள்.
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் (2010) 3-ஆம் பிரிவு, பதிவுபெற்ற பத்திரிகையின் நிருபர், கட்டுரையாளர், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோர் வெளிநாட்டு நிதி வாங்குவதைத் தடுக்கிறது. செய்தி ஒளிபரப்பும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் இதே தடைதான். நல்ல மனதோடு வரும் பணம் அவர் மீதே வழக்காகிவிடும். உங்கள் தங்கை வெளிநாட்டுக் குடிமகள் ஆகிவிட்டதால்தான் இந்தச் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்த நிருபர் எழுதும் பத்திரிகைக்கு உங்கள் தங்கை வழக்கமான சந்தா கட்டலாம். அது பொருளுக்குக் கொடுக்கும் விலை, நன்கொடை இல்லை.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த நிருபருக்குப் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஃபேஸ்புக்கில் போட்டு ஆதரவு திரட்டட்டுமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: நோட்டீஸைப் படம் எடுத்துப் போடுவதுதான் ஆதரவாளர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அதில் சாட்சிகள், ஊர்க்காரர்கள் பெயர் இருக்கலாம். முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) என்றால் குற்றம் சாட்டப்பட்டவராக அழைக்கிறார்கள். 179 என்றால் சாட்சியாக. அப்படிச் சாட்சியாக அழைக்கும்போது பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். 94 என்றால் ஆவணமோ கருவியோ கேட்கிறார்கள். வாய்மொழியாகக் கேட்டதும் போனை நீட்டிவிடாமல் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பறிமுதல் செய்தால் பட்டியலின் நகல் கட்டாயம் வேண்டும். பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது.

மதப் பகை (பி.என்.எஸ். என்ற தண்டனைச் சட்டம், 196), மத உணர்வைப் புண்படுத்துதல் (299) என்றெல்லாம் வழக்குப் போட்டாலும், அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க முடியாது. வக்கீலிடம் இதை முதல் நாளே நினைவுபடுத்துங்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லையா? 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.

கேள்வி: தகவல் கொடுத்த என் பெயரை நிருபர் கடைசிவரை மறைக்க முடியுமா?
— பெயர் வேண்டாம், வடசென்னை

பதில்: சட்டத்தின் துணை குறைவு. பிரஸ் கவுன்சில் சட்டம் (1978) 15(2) தரும் பாதுகாப்பு கவுன்சில் விசாரணைக்கு மட்டும்தான். நீதிமன்றம் கேட்டால் அது கைகொடுக்காது. அதனால் உங்கள் பெயர் அவர் போனிலும் நோட்டிலும் எப்படிப் பதிவாகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப் 'பேக்கப்'புக்கான பூட்டைத் தனியாகப் போட வேண்டும், பலர் போடுவதில்லை. தானாக அழியும் செய்தி வசதியைப் பேச ஆரம்பிக்கும்போதே வைத்துவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் தடயத்தை மறைத்த குற்றம் என்று திரும்பும்.