ப்ராஜெக்ட் ஸ்டாஃபுக்குப் பாராட்டு நாள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தென் மாவட்டத்தில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், உயிர் அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ), எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ), ப்ராஜெக்ட் அசோசியேட், போஸ்ட் டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) என்று எங்கள் துறையில் பன்னிரண்டு பேர் ஆய்வுத் திட்டங்களில் வேலை செய்கிறார்கள். செப்டம்பரில் அவர்களுக்காக ஒரு பாராட்டு நாள் நடத்தச் சொல்லி, ரூ.50,000 ஒதுக்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வருடமும் இப்படி ஒன்று நடந்தது. பொன்னாடை, ஷீல்டு, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் இருந்தன. ஆய்வாளர்களோ கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை உருப்படியாகச் செய்ய நினைக்கிறேன். இன்னொன்று: வரும் மார்ச்சில் திட்டம் முடிந்து இரண்டு பேர் வெளியேறுகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம்?

பதில்: பன்னிரண்டு பேருக்கும் போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா? விழாத் தேதியைக் குறிப்பதற்கு முன்னால் இதை விசாரித்துவிடுங்கள். நான்கு மாத ஸ்டைபெண்ட் நிலுவையில் இருக்கும் ஒருவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினால், அவர் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தொகையையும் சரிபாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் உதவித்தொகைகள் உயர்த்தப்பட்டன. ஜேஆர்எஃப் ரூ.31,000-இலிருந்து ரூ.37,000 ஆனது; எஸ்ஆர்எஃப் ரூ.35,000-இலிருந்து ரூ.42,000. ரிசர்ச் அசோசியேட் மூன்று நிலைகளுக்கும் முறையே ரூ.58,000, ரூ.61,000, ரூ.67,000. வீட்டு வாடகைப் படி இதற்கு மேல் தனி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த திட்டங்களில் பழைய தொகையே தொடர்வதைப் பார்க்கலாம். பிஐ (திட்டத்தின் முதன்மை ஆய்வாளர்) எழுதிக் கேட்காதவரை அந்தக் கோப்பு பெரும்பாலும் நகராது. உங்கள் துறையில் அப்படி யாராவது இருந்தால், இந்தப் பாராட்டு நாளுக்கென்று நீங்கள் செய்யும் முதல் வேலை அந்தக் கடிதமாக இருக்கட்டும்.

சம்பளம் ஏன் தாமதமாகிறது என்று கேட்டால் எல்லோரும் டெல்லியைக் கை காட்டுவார்கள். பல நேரம் காரணம் பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கும். அடுத்த தவணை வர வேண்டுமானால் முந்தைய நிதியாண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் (யூசி) போக வேண்டும். பொது நிதி விதிகளின் (ஜிஎஃப்ஆர்) 12-ஏ படிவத்தில், செலவுக் கணக்கோடு, நிதி அலுவலர் கையெழுத்துடன். மார்ச் 31-இல் கணக்கு முடிகிறது. அந்த யூசி ஜூலைவரை ஒரு செக்‌ஷன் மேசையில் கிடந்தால், ஜேஆர்எஃப்பின் வீட்டு வாடகையும் அங்கேதான் கிடக்கிறது. எந்தத் திட்டத்தின் யூசி எந்த மேசையில் நிற்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுத் திட்டங்களிலிருந்து ஓவர்ஹெட் (நிர்வாகச் செலவுக்கான) தொகை வருகிறதே, அதில் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக ஒதுக்கித் தாமதமாகும் மாதங்களில் முன்பணம் தரலாம். தவணை வந்ததும் கழித்துக்கொள்ளலாம். இதற்கு நிதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும், உங்கள் கையில் இல்லை. ஆனால் முன்மொழிவை எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. துணைவேந்தர் மேடையேறும் வாரத்தில் அந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போவது நல்ல நேரம்தான்.

அப்புறம் பணி ஆணை. நீட்டிப்பு ஆணைகளுக்கு நடுவே ஒரு நாள், இரண்டு நாள் பிரேக் விடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், நிதி தரும் அமைப்பின் விதி உண்மையில் அப்படிக் கேட்கிறதா என்று எடுத்துப் படியுங்கள். 'எப்பவும் இப்படித்தான் சார் போடுவோம்' என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காமல் போகலாம். அந்த இரண்டு நாளில் போவது இரண்டு நாள் சம்பளம் மட்டுமில்லை. நாளைக்கு இன்னோர் இடத்தில் விண்ணப்பிக்கும்போது தொடர்ச்சியான அனுபவம் என்று காட்ட முடியாமல் போகும். விடுப்பு விவரத்தையும் ஆணையோடு சேர்த்துக் கொடுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்வரை தரலாம் என்று யூஜிசியின் 2022 விதிமுறைகளில் இருக்கிறது. இது தெரியாமலேயே ஆராய்ச்சியை விட்டு விலகும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழுவில் யார் யார், எந்த எண்ணில் அழைப்பது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

சரி, இப்போது விழாவுக்கு வருவோம்.

செப்டம்பர் நல்ல மாதம். அமெரிக்காவில் தேசிய போஸ்ட் டாக் சங்கம் 2009-இல் தொடங்கிய பாராட்டு வாரம் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில்தான் வருகிறது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதைப் பின்பற்றுகின்றன. நீங்கள் அதே வாரத்தில்தான் நடத்த வேண்டும் என்றில்லை. செமஸ்டர் தேர்வும் ஆய்வகத்தில் ஓடும் பரிசோதனையும் குறுக்கே வராத ஒரு சனிக்கிழமையை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பேனர் கட்டுவது, நாற்காலி போடுவது, விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருவது, டீ எடுத்துக் கொடுப்பது என எதையும் அந்தப் பன்னிரண்டு பேர் தலையில் கட்டாதீர்கள். நம் துறைகளில் எந்த விழா என்றாலும் இதெல்லாம் ஸ்காலர்கள் வேலை என்று ஆகிவிட்டது. அவர்களுக்கான விழாவிலும் அவர்களே ஓடினால் அதற்குப் பாராட்டு நாள் என்ற பெயர் பொருந்தாது. அன்றைக்கு ஆசிரியர்கள் ஓடட்டும். பந்தியில் பரிமாறுவதும் ஆசிரியர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

சிறப்பு விருந்தினர் உரையை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தான் வேலை செய்யும் கருவியின் முன்னால் நின்று, தான் என்ன செய்கிறேன் என்று தமிழில் பத்து நிமிடம் சொல்லட்டும். கேட்க வருபவர்கள் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவர்களின் பெற்றோரை, கணவன் மனைவியைக் கூப்பிடுங்கள். 'இன்னும் எத்தனை வருஷம்டா படிப்ப?' என்று ஊரில் கேட்கப்படும் பிள்ளைகள் இவர்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து, 'இதில் இருக்கும் மாதிரிகள் எல்லாம் நான் சேகரித்தவை' என்று மகள் சொல்வதை ஒரு அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், வீட்டில் அந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் பஸ் செலவைக் கொடுங்கள். ஷீல்டுக்கும் பொன்னாடைக்கும் போகும் பணத்தை இதற்கும், வயிறார ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் திருப்பினால் ரூ.50,000 போதும்.

நிதிப் பிரிவு, கொள்முதல் பிரிவு ஊழியர்களையும் அவசியம் அழையுங்கள். கோப்பில் 'பிஏ-1' (ப்ராஜெக்ட் அசோசியேட்-1) என்று மட்டுமே தெரிந்த ஓர் ஆய்வாளரை அந்த ஊழியர்கள் நேரில் பார்த்து, அந்த ஆய்வாளர் கேட்டிருந்த கெமிக்கல் வராததால் எந்தப் பரிசோதனை நின்றுபோனது என்று அவர் வாயாலேயே கேட்ட பிறகு, அடுத்த பில் வேறு வேகத்தில் நகரும்.

விருது கொடுப்பதா என்று கேட்டிருக்கக்கூடும். 'சிறந்த ஆய்வாளர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மீதிப் பதினொரு பேர் கைதட்ட வந்தவர்களாகிவிடுவார்கள். கட்டுரை எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுத்தால் போன வருடம் சேர்ந்தவருக்கும், மூன்று வருடம் களப்பணி கேட்கும் திட்டத்தில் இருப்பவருக்கும் வாய்ப்பே இல்லை. அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு நான்கு வரி எழுதி வாசியுங்கள். பிஐ எழுத வேண்டும், இரண்டு வாரம் முன்பே எழுத வேண்டும், சம்பந்தப்பட்டவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். 'கடின உழைப்பாளி, பண்பானவர்' என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். பழுதாகிக் கிடந்த சென்ட்ரிஃபியூஜை கம்பெனி இன்ஜினியரோடு மல்லுக்கட்டி ஓட வைத்ததும் அதில் வரலாம். எட்டு மாதம் செய்து, எதிர்பார்த்த விளைவு இல்லை என்று உறுதி செய்த பரிசோதனையும் வரலாம். அது தெரியாவிட்டால் அடுத்து வருபவரும் அதே எட்டு மாதத்தை வீணாக்குவார்.

பெயர் சொல்வதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாக வருடாவருடம் கொண்டாடுகிறோம். ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்ட நாள். கல்கத்தாவில் அந்தப் பரிசோதனைகளில் ராமனோடு நின்ற இளம் ஆய்வாளர் கே.எஸ்.கிருஷ்ணன். உங்கள் பக்கத்துக்காரர்தான், வத்திராயிருப்பில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 29. அதே ஆண்டு மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் கிருஷ்ணன். ஆனாலும் நம் பள்ளி விழாக்களில் அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ராமன் விளைவில் அவருடைய பங்கைப் பற்றி இன்றைக்கு நாம் பேச முடிகிறது என்றால், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அந்தப் பெயர் அச்சாகியிருப்பதுதான் அதற்குப் பெரிய ஆதாரம்.

ஆகவே உங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் யார் யார் பெயர் வரும் என்ற ஆசிரியர் பட்டியல் எப்படி முடிவாகிறது என்பதை விழாவைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதி முடித்த பிறகு யார் பெயர் எங்கே என்று பேசினால் சங்கடம்தான் மிஞ்சும். வேலை தொடங்கும்போதே பேசி ஒரு மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். வேலை மாறினால் மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்ளலாம். 'கிரெடிட்' என்ற பங்களிப்பு வகைப்பாட்டைப் பல ஆய்விதழ்கள் ஏற்றிருக்கின்றன. கருத்துரு, முறையியல், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், முதல் வரைவு என்று 14 பங்குகள் அதில் உண்டு. இதழ் கேட்காவிட்டாலும் நீங்களே ஒரு தாளில் நிரப்பிப் பாருங்கள். யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பது சட்டென்று தெரியும்.

அடுத்தது, பைசா செலவில்லாத ஒன்று. பிரிட்டனில் ஆய்வாளர் பணி வளர்ச்சிக்கென்று பல்கலைக்கழகங்களும் நிதி அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்படிக்கை 2008 முதல் இருக்கிறது. 2019-இல் திருத்தியபோது, ஆய்வாளருக்கு வருடத்துக்குக் குறைந்தது 10 நாள் அவருடைய சொந்த வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நம்மிடம் அப்படி விதி இல்லை. உங்கள் ஆய்வகத்துக்கு நீங்களே எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. அந்தப் பத்து நாளில் என்ன செய்வது என்பது அவர்கள் விருப்பம். நெட் தேர்வுக்குப் படிக்கலாம், வேறு ஆய்வகத்தில் ஒரு நுட்பம் கற்கலாம், காப்புரிமை முகவர் தேர்வுக்குத் தயாராகலாம். கம்பெனி வேலைக்குப் போவதைத் தோல்வி மாதிரி பேசும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பன்னிரண்டு பேருக்கும் பேராசிரியர் பணியிடம் காத்திருக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக, மார்ச்சில் வெளியேறும் இருவர். இதை விழாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்த வாரமே அவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். நீட்டிப்புக்கு வாய்ப்பு உண்டா இல்லையா என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். 'பாத்துக்கலாம்பா' என்ற பதிலை நம்பி மற்ற விண்ணப்பங்களைக் கைவிடுபவர்கள் நிறைய. ஃபெலோஷிப் அறிவிப்பு வந்து, விண்ணப்பித்து, முடிவு தெரிவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். செப்டம்பரிலேயே தேடத் தொடங்கினால்தான் மார்ச்சுக்குள் ஏதாவது கைக்கு வரும். விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டவுடன் கொடுங்கள், அவர்களையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

அனுபவச் சான்றிதழை அவர்கள் கிளம்பும் நாளன்றே கொடுங்கள். நம் சான்றிதழ்கள் 'இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை ஜேஆர்எஃப் ஆகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்பதோடு முடிந்துவிடும். நேர்காணலில் அது எதற்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஹெச்பிஎல்சி கருவியைத் தனியாக இயக்கிப் பராமரித்தார். மூலிகைச் சாறுகளில் ஃபிளேவனாய்டு அளவிடும் முறையை எங்கள் ஆய்வகத்தில் நிலைப்படுத்தினார். எம்.எஸ்சி. மாணவர் இருவருக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்.' அந்த நான்கு வரிப் பாராட்டை ஏற்கெனவே எழுதியிருப்பீர்கள், அதிலிருந்தே இதை எடுத்துவிடலாம்.

அவர்கள் போன பிறகு பல்கலைக்கழக மின்னஞ்சல் முடங்கிவிடும். அதனால் ஆய்வாளர்களுக்கான நிரந்தர அடையாள எண்ணான ஆர்கிட் எண் இல்லாவிட்டால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். இலவசம்தான், 16 இலக்கம், ஆயுள் முழுக்கக் கூடவே வரும். அவர்கள் கையிலிருக்கும் தரவும் ஆய்வகக் குறிப்பேடும் துறையிடம் வந்து சேர வேண்டும், அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள எதுவரை அனுமதி என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் தரவை வைத்து ஏப்ரலுக்குப் பிறகு எந்தெந்தக் கட்டுரைகள் வரப்போகின்றன, அவற்றில் அவர்கள் பெயர் எந்த இடத்தில், வரைவைப் படித்து ஒப்புதல் தர எந்தச் சொந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, இரண்டு பேருக்கும் துறைத் தலைவருக்கும் பிப்ரவரி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.