எனாமல் பாத்திரங்கள் – கடிதம்

வணக்கம் சார்,

போன மாசம் ஆபீஸ் வேலையா போலந்து போயிருந்தேன். நீங்க முன்னாடி எழுதினதைப் படிச்ச ஞாபகத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கிராகோவ்ல பஸ் ஏறி ஆஷ்விட்ஸ் மியூசியம் போனேன், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நாஜிகள் யூதர்களைக் கொண்டுவந்து கொன்ன முகாம் அது. உண்மையைச் சொன்னா எனக்கு அழுகையே வரல. பக்கத்துல ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுறாங்க, நான் எப்ப சாப்பிடுவோம்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த முகாமோட இன்னொரு பகுதியான பிர்கெனவ்ல ஒருத்தன், அவங்களை ரயில்ல கொண்டுவந்த தண்டவாளத்து மேல நின்னு செல்ஃபி எடுக்கிறான். ரூமுக்கு வந்தப்புறம் ஒரே குற்ற உணர்ச்சி. நான்லாம் என்ன மனுஷன்? இல்ல, இப்படி ஒரு இடத்தை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கினதே தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எனக்கும் வரல. வாசல்ல 'வேலை விடுதலை தரும்'னு ஜெர்மன்ல இருக்கிற அந்த இரும்பு எழுத்து வளைவைப் பாத்தப்போ 'அட, இவ்ளோ சின்னதா'ன்னுதான் தோணிச்சு, போட்டோவுல பாத்துப் பாத்துப் பழகிட்டோம் இல்லையா. கொல்லப்பட்டது சுமார் 11 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட 10 லட்சம் பேர் யூதர்கள்னு கைடு சொல்றாங்க, மண்டை அதை வாங்கி வச்சுக்குது, அவ்ளோதான்.

நான் நின்னுபோனது பிளாக் 5-ங்கிற கட்டடத்துல. கண்ணாடிக்குப் பின்னாடி செருப்புக் குவியல், மூக்குக்கண்ணாடி, பேரு எழுதின சூட்கேஸ் எல்லாம் இருக்குமே, அங்கயே பாத்திரங்களும் குவிஞ்சு கிடக்கும், கவனிச்சீங்களா? நீல எனாமல் குண்டா, சிவப்பு கெட்டில், விளிம்புல பூச்சு பேந்து கறுப்பு தெரியுற சட்டி. மியூசியம் கையில மொத்தம் 12,000-க்கு மேல இருக்காம். எங்கம்மா வீடு மாத்துறப்போ கடைசியா கட்டுறதும் போனவுடனே முதல்ல பிரிக்கிறதும் பாத்திர மூட்டைதான், ஏன்னா போய் இறங்கினதும் உலை வைக்கணும். இங்க கொண்டுவரப்பட்டவங்களும் அதே கணக்குதான் போட்டிருக்காங்க. கிழக்குப் பக்கம் கொண்டுபோய்க் குடியேத்துறோம், வேலை இருக்குன்னு சொல்லித்தான் நாஜிகள் பல பேரை ரயில் ஏத்தினாங்க. சூட்கேஸ்ல பேரை எழுதச் சொன்னதும் அப்புறம் திரும்பக் கிடைக்கும்னு நம்ப வைக்கத்தான்.

அங்க நின்னப்போ, பாவம், முழுசா ஏமாந்துட்டாங்கன்னு நினைச்சேன். அது தப்புன்னு பின்னாடி ஒரு செய்தி படிச்சப்போதான் புரிஞ்சுது. 2016-ல அந்தக் குவியல்ல ஒரு எனாமல் கப்பைப் பராமரிப்புக்கு எடுத்திருக்காங்க, அடி துருப்பிடிச்சு விட்டுக்கிச்சு, பாத்தா அது பொய்யான அடி, அதுக்குக் கீழ ஒரு தங்க மோதிரமும் செயினும், துணியில சுத்தி வச்சது. எழுபது வருஷத்துக்கு மேல யாருக்கும் தெரியாம இருந்திருக்கு! அப்ப அந்த வீட்டுல யாரோ நாஜிகள் சொன்னதை முழுசா நம்பல, ஆனா நகையை வித்தாவது நாலு நாள் ஓட்டலாம்னும் நினைச்சிருக்காங்க, பயமும் இருந்திருக்கு, நாளைக்குப் பத்தின கணக்கும் இருந்திருக்கு, ரெண்டும் ஒரே கப்புல. இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்குத் தொண்டை அடைச்சுது, போயிட்டு வந்து எத்தனையோ மாசம் கழிச்சு, வீட்டு சோபாவுல உக்காந்துக்கிட்டு. அதனால அழுகை கணக்கையெல்லாம் விடுங்க. பசிச்சதும் தப்பில்ல, பல மணி நேரம் நடக்க வைக்கிறாங்க.

செல்ஃபி எனக்கும் எரிச்சல்தான். தண்டவாளத்துல பேலன்ஸ் பண்ணி போட்டோ எடுக்காதீங்கன்னு 2019-ல மியூசியமே கேட்டுக்கிச்சு. ஆனா இடத்தைத் திறந்து வச்சதே தப்பாங்கிறீங்களே, அதுல நான் உங்க பக்கம் இல்ல. 1947-ல இதை மியூசியமா ஆக்கினதுல முன்னின்னவங்க அங்கயே கைதியா இருந்து பிழைச்சவங்க. போலந்துலயே இருந்த இன்னொரு நாஜி முகாமான டிரெப்ளிங்காவைப் பாருங்க, அங்கயும் ஏழு லட்சத்துக்கு மேல கொன்னாங்க, 1943-ல வேலை முடிஞ்சதும் நாஜிகளே கட்டடத்தையெல்லாம் பிரிச்சு, நிலத்தை உழுது, செடி நட்டு, ஒரு பண்ணை வீடும் கட்டி வச்சுட்டுப் போனாங்க. வந்து பாக்க ஒண்ணுமே இருக்கக்கூடாதுங்கிறது அவங்க ஆசை. செல்ஃபிக்காரன் வந்து தொலையட்டும், பரவாயில்ல.

ஒண்ணு கேக்கணும், பிளாக் 27 பத்தி நீங்க எழுதவே இல்லையே? அங்க ஒரு ரூம்ல, அந்தக் காலத்துல யூதக் குழந்தைங்க வரைஞ்ச படங்களை அப்படியே பாத்து சுவத்துல பென்சில்ல போட்டிருக்காங்க. குழந்தைங்க உயரத்துலயே இருக்கும், குனிஞ்சுதான் பாக்கணும். குரூப்போட போனதுல விட்டுப்போயிருந்தா, அடுத்த தடவை அதுக்குன்னே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிக்கங்க.