வெனிஸ் போனால் ஆர்சனாலே கப்பல் கட்டும் தளத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

"அங்கே போய்வந்தவர்கள் வெறும் செங்கல் சுவர்தான் என்கிறார்கள்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தாராளமாக ஒதுக்குங்கள். வெனிஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் அதன் போர்ப்படகுகளைக் கட்டிய பழைய யார்டு அது. ஆனால் எந்த மாதம், என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

நீங்களும் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கிப் பார்க்கிறவராகத்தான் இருப்பீர்கள். சான் மார்கோ சதுக்கத்திலிருந்து கரையோரமாகக் கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் போதும். அந்த இடத்தின் பெரும்பகுதி எல்லா மாதமும் திறந்திருக்காது. ஒரு பகுதி இன்னும் இத்தாலியக் கடற்படையின் கையில் இருக்கிறது. பியென்னாலே என்ற சர்வதேசக் கலை, கட்டடக்கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் நவம்பர் வரை, டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். சுவர் மட்டும்தான் என்று சொன்னவர்கள் மற்ற மாதங்களில் போயிருப்பார்கள்.

நான் வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் 23 வருடம் ஃபிட்டராக இருந்தவன். மகள் வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பாதுவாவில் வேலை பார்க்கிறாள். 2022 அக்டோபரில் அவளோடு போனேன். போன நாள் திங்கட்கிழமை, கண்காட்சிக்கு விடுமுறை. வாசலோடு திரும்ப வேண்டியதாகிவிட்டது. ஆனால் அந்த வாசலே பார்க்க வேண்டியதுதான். 1460 வாக்கில் கட்டியது. அதன் இடது பக்கம் ஆள் உயரத்தைவிடப் பெரிய பளிங்குச் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் இருந்ததை துருக்கியரோடு நடந்த 1687 போருக்குப் பிறகு மொரோசினி என்ற வெனிஸ் தளபதி எடுத்துவந்தார். அதன் தோள்பட்டையைப் பாருங்கள். பாம்பு போல வளைந்து ஒரு பட்டை ஓடும், அதற்குள் எழுத்துகள். கிரேக்கம் இல்லை, வட ஐரோப்பியர்களின் ரூன் எழுத்து. 11ஆம் நூற்றாண்டில் பிரேயஸுக்கு வந்த ஸ்காண்டிநேவிய வீரர்கள் வெட்டியது. நிறையத் தேய்ந்துவிட்டது. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் எனக்கு இரண்டு மூன்று கோடுகள் பிடிபட்டன.

மறுநாள் உள்ளே போனோம். முதலில் கோர்தெரியே, கயிறு திரித்த கூடம். நீளம் 316 மீட்டர். பருத்த செங்கல் தூண்கள் இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிற ஆள் விரல் அளவுக்குத் தெரிகிறார். எல்லோரும் சிற்பங்களைப் பார்த்தார்கள், நான் தூண்களைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். கப்பலுக்கான வடத்தை ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக முறுக்க வேண்டுமானால் சணல் புரிகளை நேராக இழுத்துக் கட்ட இடம் வேண்டும். வடம் எவ்வளவு நீளமோ அதற்கும் மேலே கட்டடம் நீளவேண்டும். நங்கூர வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவனுக்கு அந்த நீளத்தின் அருமை தெரியும்.

1574இல் பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றி வந்தபோது, அவர் விருந்து முடிப்பதற்குள் ஒரு போர்ப்படகைப் பூட்டி முடித்தார்கள் என்பார்கள். "அது கட்டியது இல்லை, ஏற்கெனவே செய்துவைத்த பாகங்களைச் சேர்த்தது" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். சரி, சேர்த்ததுதான். படகின் எந்த விலாக் கட்டை எந்த இடத்தில் உட்காரும் என்று முன்கூட்டியே அளந்து அறுத்து அடுக்கிவைக்காமல் சேர்க்க முடியுமா? யார்டில் வேலை பார்த்தவர்கள் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். 1436லேயே பேரோ தாஃபூர் என்ற ஸ்பானியப் பயணி எழுதியிருக்கிறார்: நடுவில் கால்வாய், இரண்டு பக்கமும் ஜன்னல்கள். படகை இழுத்துக்கொண்டு போகப் போக ஒரு ஜன்னலில் கயிறு, ஒன்றில் ரொட்டி, ஒன்றில் ஆயுதம். கடைசியில் துடுப்பு வலிப்பவர்களோடு படகு தயாராக வெளியே வரும்.

அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆர்செனலோத்தி என்று பெயர். ஊரில் தீப்பிடித்தால் அணைப்பது அவர்கள், நாட்டை ஆண்ட பிரபுக்களின் பெரிய சபை கூடும்போது அரண்மனைக்குக் காவல் நிற்பது அவர்கள். புதிய தோஜே, அதாவது வெனிஸ் குடியரசின் தலைவர், தேர்வானால் சான் மார்கோ சதுக்கத்தில் அவரைத் தோளில் தூக்கிச் சுற்றி வரும் உரிமையும் அவர்களுக்குத்தான். நாட்டின் தலைவரை யார்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! மகள் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 23 வருடம் உழைத்துவிட்டு வந்த எனக்குக் கிராஜுவிட்டியில் நாலு வருடத்தைக் காணோம். கம்பெனி கைமாறியபோது பழைய சர்வீஸ் கணக்கில் ஏறவில்லை என்று ஒரே வரியில் மெயில் அனுப்பினார்கள். என்னோடு இருந்த வெல்டர்கள் 11 பேருக்கும் இதே கதி. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

உள்ளே நீர்ப்பக்கம் கட்டாயம் போங்கள். 1880களில் ஆம்ஸ்ட்ராங் கம்பெனி செய்துகொடுத்த ஹைட்ராலிக் கிரேன் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. அதன் ரிவெட் வரிசைகளைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். பக்கத்தில் காஜ்ஜாந்த்ரே என்ற கூரை போட்ட இரண்டு படகுத்துறைகள், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

கண்காட்சி இல்லாத மாதமானால் வாசல், சிங்கங்கள், அப்புறம் கரையோரமுள்ள கடற்படை அருங்காட்சியகம். கண்காட்சி டிக்கெட்டிலேயே அதன் இன்னொரு பாதி நடக்கும் ஜியார்தினி தோட்டமும் சேர்ந்துவிடும், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஆர்சனாலேயை முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள், கால் வலிக்காத செருப்போடு.