பதினொரு வயதில் மனச்சிதைவு வருமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்பதாக எட்டு மாதமாகச் சொல்கிறான். சிநேகிதர்களோடு சேர்வதில்லை; படிப்பும் சரிந்துவிட்டது. மனச்சிதைவாக (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கலாம் என்று டாக்டர் ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பயந்துபோய் நிறுத்திவிட்டோம். இந்த வயதில் இந்த நோய் வருமா டாக்டர்?
— வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் கழுத்து. பல வீடுகளில் சிகிச்சை நின்றுபோவது இந்த இடத்தில்தான். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரை தடுக்கிறது. தசைகளை ஆளும் பகுதியிலும் அது தடைபடுவதால் கழுத்து இழுக்கும், கண் மேலே செருகும். ஆரம்ப நாட்களில், குறிப்பாகப் பையன்களுக்கு, அதிகம் வரும். புரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். தொண்டை இறுகினால் அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். நிறுத்தியதை நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், 0.25 அல்லது 0.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார், இல்லையேல் மருந்தை மாற்றுவார்.

வருமா என்றால், வரும். ஆனால் 13 வயதுக்கு முன் மிக அபூர்வம்; ஏறத்தாழ 40,000 பிள்ளைகளில் ஒருவர் என்பார்கள். குரல் கேட்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. தூக்கம் வரும் நேரத்தில், துக்கத்தில், பள்ளியில் யாரேனும் துன்புறுத்தும்போதும் பிள்ளைகளுக்குக் குரல் கேட்கும். உங்கள் மகனிடம் கவலை தருவது, ஆறு மாதத்துக்கும் மேல் நீடிப்பதும் படிப்பும் பழக்கமும் கூடவே சரிந்ததும்தான். அப்படியும் வலிப்பு இல்லையென்று மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி., கல்லீரலிலும் மூளையிலும் தாமிரம் சேரும் வில்சன் நோய் இல்லையென்று செருலோபிளாஸ்மின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். சில நாட்களுக்குள் திடீரெனத் தொடங்கி, காய்ச்சலோ வலிப்போ வாய் கோணலோ கூட இருந்தால் மூளை அழற்சியைச் சந்தேகிப்போம். அவனோடு தனியாகப் பேசவும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் முன்னால் சொல்லத் தயங்குவது இருக்கலாம்.

மருந்தை மறுபடி தொடங்குமுன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி. பசி கூடும், எடை ஏறும். இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, சரியான அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது கொடுத்தும் கேட்காதபோதுதான் குளோசபின் என்ற மருந்து. அது ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது கட்டாயம்.

வீட்டில் "அப்படி ஒன்றும் கேட்கவில்லை" என்று வாதாடாதீர்கள், "உனக்குப் பயமாக இருக்கிறதா, என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். உங்கள் வளர்ப்பினால் இந்த நோய் வருவதில்லை, தாயே. கோயிலுக்குப் போங்கள், மாத்திரையும் தொடரட்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள் என்று குரல் ஏவினால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு எந்நேரமும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி-மானஸ் 14416.